மறைந்திருப்பது இல்லாததா?

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனுக்குரிய ஐந்தொழில்களைச் சைவ சித்தாந்திகள் எண்ணுவார்கள். இளமையில் நான் அந்தச் சாஸ்திரத்தைப் பாடம் கேட்ட நாட்களில், ஏனைய நான்கும் ஒருவாறு விளங்கினவேயன்றி, உள்ள பொருளை ஒருவன் அறிவுக்குப் புலனாகாதபடி வைத்திருப்பது எவ்வாறு ஒரு கிருத்தியமாகும் என்பதும், அதை அருளின் ஒரு கூறு என்று பெரியோர் கூறுவது எங்ஙனம் பொருந்தும் என்பதும் மட்டும் விளங்காமலே நின்றன. பல ஆண்டுகளுக்குப் பின், சென்ற ஐப்பசியில், ஒரு ஹார்டு டிஸ்கின் முன்னால் மூன்று நாள் அமர்ந்திருக்க நேர்ந்தபோது அந்தப் பழைய ஐயம் மீண்டும் என் எதிரே வந்து நின்றது.

நண்பர் ஒருவருடைய தந்தையார் தம் வீட்டுத் திண்ணையில் நெடுங்காலம் சித்தாந்த வகுப்பு நடத்தியவர். கடைசிச் சில ஆண்டுகளின் வகுப்புகளைப் பேரன் ஒலியாகவும் காணொலியாகவும் பதிவு செய்து வந்தான். வகுப்பின் நடுவே மாணாக்கர்கள் தத்தம் குடும்பத் துயரங்களை மனம்விட்டுப் பேசுவதும், பெரியவர் அவர்களைத் தேற்றுவதும் வழக்கமாதலால், அவை அயலார் செவிக்குப் போகலாகாது என்று கருதி, அந்தப் பதிவுகள் அனைத்தையும் வெராகிரிப்ட் என்னும் மென்பொருளால் சங்கேதமாக்கி வைக்கும்படி பெரியவரே சொல்லியிருந்தார். அவர் சிவபதம் அடைந்த பின், பாடப் பகுதிகளை மட்டும் மாணாக்கர்களுக்குக் காப்பி எடுத்துத் தரலாம் என்று நண்பர் அந்த டிஸ்கைத் தம் கணினியில் செருகினார். உடனே திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றி, இந்த டிஸ்கைப் பயன்படுத்து முன் ஃபார்மட் செய்தாக வேண்டும், செய்யலாமா என்று வினவியது.

“ஒன்றுமே இல்லையாம் ஐயா, காலி டிஸ்க் போலிருக்கிறது. ஃபார்மட் செய்துவிட்டுப் பார்ப்போமா?” என்று நண்பர் கேட்டபோது அவருடைய விரல் மவுஸின் மேல் இருந்தது. நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். அந்த ஒரு சொடுக்கில் என்ன போயிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு திடுக்கிடுகிறது.

உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் அருளிய திருவருட்பயனில், புற இருளையும் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தையும் ஒப்பிட்டு, இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னை இருளென்று காட்டிக்கொள்ளும், ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்று வேறுபடுத்தும் இடம் ஒன்று உண்டு. அதன் நுட்பம் எனக்கு அன்று அந்தத் திரையின் முன்னால்தான் முழுமையாகப் புலப்பட்டது. விண்டோஸில் 2007 முதல் உள்ள பிட்லாக்கர் முறையில் பூட்டிய டிஸ்க், தான் பூட்டப்பட்டிருப்பதை ஒரு பூட்டுச் சித்திரத்தால் அறிவித்துச் சாவியைக் கேட்கும். அது இருளைப் போன்றது. வெராகிரிப்ட் பூட்டியதோ முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒழுங்கற்ற எண்களின் குப்பையாகவே காட்சியளித்து, இங்கே ஒன்று மறைந்திருக்கிறது என்ற செய்தியையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. அதனைக் கண்ட கணினி, தனக்குத் தெரிந்த எந்த அமைப்பும் அங்கே இல்லாமையால், ஒன்றுமே இல்லை என்று தீர்ப்புக் கூறுகிறது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லிவிடும் அந்தப் பிழை, கணினிக்கு மாத்திரம் உரியதன்று.

கடவுச்சொல் பெரியவரின் பஞ்சாங்கத்துப் பின்னட்டையில் பேரனுடைய கையெழுத்தில் கிடைத்தது. அதை இட்டதும், அதே டிஸ்க் வேறோர் எழுத்தைப் பெயராகத் தாங்கி மற்றொரு டிஸ்கைப் போல் திரையில் எழுந்தது. வழக்கம் காரணமாக நண்பர் பழைய எழுத்தையே மறுபடியும் சொடுக்க, ஃபார்மட் செய்யலாமா என்ற அதே கேள்வி மறுபடியும் வந்தது. ஒரே வஸ்துவை ஒரு வழியாக அணுகினால் சூனியம், மற்றொரு வழியாக அணுகினால் நூற்றுக்கணக்கான மணி நேர உபதேசம்!

இங்கேதான் தத்துவ விசாரணை உண்மையில் தொடங்குகிறது. திறப்பதற்கு முன் அந்த உபதேசம் டிஸ்கில் இருந்ததா, அன்றித் திறந்த கணத்தில் புதிதாகத் தோன்றியதா? காரியம் தோன்றுமுன்னரே காரணத்தில் உள்ளது என்பது சாங்கியரும் சித்தாந்திகளும் ஒப்பும் சற்காரியவாதம். முன் இல்லாததே புதிதாக உண்டாகிறது என்பது நியாய வைசேஷிகரின் அசற்காரியவாதம். எள்ளில் எண்ணெய் வருவதும் மணலில் வாராமையும் முன்னவர்களின் பழைய திருஷ்டாந்தம். ஆனால் சங்கேதத்தின் விஷயத்தில் அது அவ்வளவு எளிதன்று. நெல்லை உமி மூடியிருப்பதுபோல இங்கே சொற்கள் ஓர் உறைக்குள் கிடக்கவில்லை. சொற்களே முற்றிலும் வேறு எண்களாக மாறிக் கிடக்கின்றன. எந்த மூலையைச் சுரண்டினாலும் பெரியவரின் குரலில் ஒரு துளியும் அகப்படாது. இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில், செய்தியின் அளவுக்குச் சமமான நீளமுடைய, முற்றிலும் ஒழுங்கற்ற சாவியை ஒரே ஒரு முறை பயன்படுத்திச் சங்கேதமாக்கினால், அந்தச் சங்கேதம் உள்ளிருக்கும் செய்தியைப் பற்றி எதையுமே தெரிவிக்காது என்று நிறுவினார். தக்க தக்க சாவிகளை இட்டால் அதே சங்கேதத்திலிருந்து அந்த நீளமுள்ள எந்தச் செய்தியையும் வரவழைத்துவிடலாம். அப்படியானால் செய்தி சங்கேதத்தில் இருந்தது என்று எவ்வாறு சொல்வது?

இந்தத் தடையை நான் இரண்டு நாள் சிந்தித்தேன். விடை அளவிலேயே இருக்கிறது. நம் டிஸ்கைப் பூட்டியது ஏஇஎஸ் என்னும் முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த இரு அறிஞர்கள் வகுத்து, 2001இல் அமெரிக்க அரசு நியமமாக ஏற்றது. அதன் சாவி 256 பிட், அதாவது 32 பைட். டிஸ்குகளில் இரண்டு சாவிகளைச் சேர்த்து வழங்குவதால் 64 பைட் என்று கொள்வோம். திண்ணை வகுப்புகளோ பல நூறு ஜிகாபைட். உள்ளங்கையளவு சாவிக்குள் ஒரு மனிதரின் ஆயுட்காலப் போதனை அடங்கியிருக்க இடமேயில்லை. ஷானன் சொன்ன சாவி செய்தியின் நீளமே உடையதாதலால், அங்கே செய்தியைச் சாவிதான் கொண்டுவந்தது என்று வாதிக்கலாம். இங்கே அவ்வாதத்துக்கு இடமில்லை. தவறான கடவுச்சொல்லை ஆயிரம் முறை இட்டாலும் வேறோர் ஆசிரியரின் உபதேசம் வரப்போவதில்லை. எனவே உபதேசம் டிஸ்கிலேயே இருந்தது என்றும், சாவி கண்ணைத் தந்ததேயன்றிக் காட்சியைத் தரவில்லை என்றும் முடிவு செய்தேன். சற்காரியவாதத்துக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தத்தை நான் கண்டதில்லை.

இனிக் காப்பி எடுத்த கதைக்கு வருகிறேன். சிறு கோப்புகள் தடையின்றிப் பென் டிரைவுக்குச் சென்றன. ஒரு நீண்ட காணொலி மட்டும், ஐம்பது ஜிகாபைட் இடம் காலியாக இருந்தும், பெரிது என்று மறுக்கப்பட்டது. நண்பர் சங்கேதத்தின் மேல் சந்தேகப்பட்டார். குற்றம் சங்கேதத்தில் இல்லை; ஏற்கும் பாத்திரத்தில் இருந்தது. அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 என்னும் பழைய அமைப்பில் இருந்தது. ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டினால் அதில் எழுத இயலாது. புதிதாக வாங்கிய அந்தப் பென் டிரைவை எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றியதும் காணொலி சென்றது.

ஓர் ஒலிக்கோப்பு பாதியில் நின்றதுதான் மெய்யான கவலை. டிஸ்கே பழுதாகத் தொடங்கியிருந்தது. இத்தகைய வேளையில் மறுபடி மறுபடி காப்பி செய்து பார்ப்பதும், டிஸ்கைச் சரிசெய்யும் கருவிகளை அவசரப்பட்டு ஏவுவதும் மரணப் படுக்கையில் இருப்பவரை உலுக்குவது போன்ற செயல்கள். நாங்கள் டிடிரெஸ்கியூ என்னும் கருவியைக் கொண்டு, பூட்டைத் திறக்காமலே, டிஸ்க் முழுவதையும் எண்ணுக்கு எண் மற்றொரு டிஸ்குக்கு மாற்றினோம். அது முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, பின்னரே பழுதான இடங்களுக்குத் திரும்பி வருகிறது. பொருள் ஒரு சிறிதும் அறியாமல், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், உள்ளதை உள்ளபடி எடுத்துச் செல்லும் அந்தக் கருவியை நோக்கியிருந்தபோது, அர்த்தம் தெரியாமலே வேதத்தை அத்தியயனம் செய்து தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களை நான் நினைத்தேன். பொருளறியா மனப்பாடத்தை இகழ்ந்து பேசுவது இக்காலத்து வழக்கம், நானும் பேசியிருக்கிறேன். பூட்டிய பேழையைப் பூட்டியபடியே அடுத்தவர் கையில் சேர்ப்பதும் ஒரு கைங்கரியம் என்பதை அன்று ஒப்புக்கொண்டேன்.

மூன்று இடங்களை மீட்க முடியவில்லை. ஒவ்வொன்றும் 4096 பைட். அந்த ஒலிப்பதிவின் வேகத்தில் ஏறக்குறைய கால் நொடி. சங்கேதம் 16 பைட் கட்டங்களாக அமைந்திருப்பதால் ஒரு கட்டத்தின் கேடு அதோடு நிற்கிறது. ஆனால் டிஸ்கின் முகப்பில், மூலச் சாவியையே கடவுச்சொல்லால் மூடி வைத்திருக்கும் 512 பைட்டும், டிஸ்கின் இறுதியில் உள்ள அதன் காப்பியும் கெட்டிருந்தால், மற்ற எண்கள் யாவும் பழுதின்றி இருந்தும் ஒரு சொல்லையும் எவராலும் கேட்டிருக்க முடியாது. ஃபார்மட் முதலில் அழித்திருக்கக் கூடியதும் அந்த முகப்பைத்தான்.

பென் டிரைவுக்குச் சென்ற காப்பிகளில் பூட்டு இல்லை என்பதை நண்பர் கடைசியில்தான் கவனித்தார். திறந்த டிஸ்கிலிருந்து எடுக்கும் கோப்பு திறந்தபடியே செல்லும். மறைப்பு அதைத் தொடர்ந்து வருவதில்லை. திண்ணையில் அழுத ஒரு தாயின் குரலும் அந்தக் கோப்புகளுள் ஒன்றில் இருந்தது. நண்பர் ஒரு வார காலம் இரவுதோறும் உட்கார்ந்து கேட்டு, பாடத்தைத் தனியே பிரித்து, ஏனையவற்றைப் பூட்டிய டிஸ்கிலேயே விட்டுவிட்டார். மறைத்தல் அருளாவது எங்ஙனம் என்று அப்போது நான் எவரையும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டிஸ்க் இருந்து, அது காலி என்று கணினி சொன்னால், ஃபார்மட் பொத்தானைத் தொடாதீர்கள். அதை வைத்தவர் உயிரோடு இருந்தால், இன்றே அவரிடம் கடவுச்சொல்லைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்த முகப்புக்கு ஒரு காப்பி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.