எது காடு?

அணுசக்தி நகரில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் சத்சங்கம் முடிந்து விடைபெறும் வேளை. அவருடைய மகள், கல்லூரி மாணவி, தயங்கியபடியே கேட்டாள்: "சுவாமிஜி, 2019இல் ஆரேயில் வெட்டப்பட்டவை மரங்களா, காடா?" தந்தை அவளை அதட்டினார். ஆனால் அது அதிகப்பிரசங்கமான கேள்வி அன்று. தத்துவம் பயின்ற நாட்களில் எனக்கு இவ்வாறு கேட்கத் தோன்றியதே இல்லை.

மும்பையை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது கூற வேண்டும். ஆரே, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய பசுமை நிலம். சிறுத்தைகள் உலவும் இடம். மெட்ரோ ரயில் பணிமனைக்காக அங்குள்ள மரங்களை வெட்ட முடிவாயிற்று. ஆரேயைக் காடாக அறிவிக்கக் கோரிய மனுவை 2019 அக்டோபர் 4 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றிரவே வெட்டத் தொடங்கினார்கள். அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தடுத்தபோது 2,141 மரங்கள் வீழ்ந்துவிட்டதாக மெட்ரோ நிறுவனமே தெரிவித்தது. மறு ஆண்டே ஆரேயில் சுமார் 800 ஏக்கரைக் காப்புக்காடாக்க மாநில அரசு முடிவு செய்தது! அந்த ஓராண்டில் அந்நிலத்தில் மாறியது என்ன?

இக்கேள்விக்கு நம் நாட்டில் ஒரு விடை முன்பே கிடைத்திருந்தது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைக் கண்டு பொறாமல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நிலம் யாருக்கு உரியதாயினும், அகராதி எதைக் காடு என்கிறதோ அதுவும் சட்டத்தின் கண்ணில் காடே என்று 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் கூறியது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதைச் சுருக்கியது. முறைப்படி காடு என அறிவிக்கப்பட்டவையும், 1980 அக்டோபர் 25 முதல் அரசுப் பதிவேடுகளில் காடு எனக் குறிக்கப்பட்டவையுமே இனிக் காடு என்றது. 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், பழைய பொருளையே தற்காலிகமாகப் பின்பற்றுமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

ஆதி சங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். செயல் மனிதனின் விருப்பத்தைச் சார்ந்தது. அது புருஷ தந்திரம். அறிவோ பொருளைச் சார்ந்தது. அது வஸ்து தந்திரம். நிற்கும் பட்டமரத்தை மனிதன் என்று கருதுவது நம் விருப்பத்தால் உண்மையாகிவிடாது. இது பிரம்ம விசாரத்துக்காகச் சொல்லப்பட்டது என்பதை அறிவேன். ஆயினும் இங்கு அது பொருந்தாமல் இல்லை.

சட்டத்துக்குத் திட்டமான எல்லை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். தன் நிலத்தில் மரம் வளர்ப்பவன், நாளை அது காடாகி முடங்கிவிடுமோ என அஞ்சுகிறான் என்று அரசு சொன்ன காரணத்தையும் ஒதுக்கிவிட இயலாது. அவனுக்கு விலக்கு அளிக்கட்டும். ஆனால் என்ன செய்யலாம் என்று சொல்லவே சட்டத்துக்கு இடமுண்டு. இருப்பதை இல்லை என்று சொல்ல அன்று. "இது காடுதான், ஊருக்கு ரயில் தேவை, ஆகவே வெட்டுகிறோம்" என்பவனிடம் நேர்மை இருக்கிறது. அவன் இழப்பை எண்ணியாக வேண்டும். வேறு இடம் உண்டா என்று தேடியாக வேண்டும். பதிலுக்கு நிலம் தந்தாக வேண்டும். "இது காடே அன்று" என்பவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை, வருத்தமும் இல்லை. தவறு செய்வது ஒன்று, தவறுக்குப் பெயரே இல்லாமல் ஆக்கிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். சிறுத்தையோ பதிவேட்டைப் பார்த்து நடப்பதில்லை.

அந்த மெட்ரோ ரயிலில் நானும் சென்றிருக்கிறேன், வசதியாகவே இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதுவது முறையாகாது.

இவற்றையெல்லாம் அந்த மாணவிக்கு என்னால் இயன்றவரை சொன்னேன். அவள் சாளரத்துக்கு வெளியே தெரிந்த ட்ராம்பே குன்றின் பசுமையைக் காட்டி, "அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, சுவாமிஜி?" என்றாள். அவளுடைய தந்தையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.