மொட்டைக்கு முந்தின நாள்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகும் சாலையில், ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் என் மாணவி ஒருத்தியின் வீடு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்தி அருவிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நாங்கள் நான்கைந்து பேர் அவள் வீட்டில் தண்ணீர் குடிக்க இறங்கினோம். கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்கு அடுத்து ஒரு குழந்தையின் படம். பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, குட்டைச் சடையில் சுற்றிய கனகாம்பரம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு.

"நீயா இது?" என்று மாணவியிடம் கேட்டேன்.

அவள் அம்மா முந்திக்கொண்டு சிரித்தார். "இல்ல டீச்சரம்மா, அது எங்க பெரியவன். மொட்டை போடறதுக்கு மொத நாளு ஸ்டுடியோல எடுத்தது."

வாசலில் செருப்பு மாட்டும்போது மாணவி என்னிடம் மட்டும் சொன்னாள்: "எனக்குச் சின்ன வயசு போட்டோவே இல்லம்மா. முதல் போட்டோ பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்ததுதான்."

இந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. காரணம், இப்படி ஒரு படம் என் வீட்டிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் ஆல்பத்தில் இந்தப் படம் இருக்கும். குலதெய்வம் கோயிலில் முடியிறக்கும் முன், ஆண் குழந்தைக்குப் பெண் வேடமிட்டு ஒரு படம். சடை பின்னுவதும் பூ வைப்பதும் மை தீட்டுவதும் பெண்கள் கை வேலை. மறுநாள் குழந்தை தாய்மாமன் மடிக்குப் போகிறது. முடி விழுகிறது, காது குத்துகிறார்கள். அதன்பின் அந்தப் பாவாடையை அவனுக்கு யாரும் கட்டுவதில்லை.

ஐரோப்பாவிலும் இதற்கு இணையான வழக்கம் இருந்தது. சின்னப் பையன்களுக்கும் கவுன்தான் உடை. 1846இல் வின்டர்ஹால்டர் வரைந்த விக்டோரியா அரசியின் குடும்ப ஓவியத்தில் இளவரசர் ஆல்பிரட் கவுன் அணிந்துதான் நிற்கிறார். அமெரிக்க அதிபராக வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1884ஆம் ஆண்டுப் படத்தில் இரண்டரை வயதுக் குழந்தை வெள்ளைப் பாவாடையும் நீண்ட முடியுமாக உட்கார்ந்திருக்கிறது. கழிப்பறைப் பழக்கம் வரும்வரை கவுன் வசதி; வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். நான்கிலிருந்து ஏழு வயதுக்குள் ஒரு நாள் கால்சட்டை மாட்டி, வீட்டார் கொண்டாடுவார்கள். தாயின் உலகத்திலிருந்து தந்தையின் உலகத்துக்கு மகன் இடம்பெயர்ந்த நாள் அது.

ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுக்குக் கவுன் அன்றாட உடை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம் பையன் அரைஞாண் கயிற்றோடு அம்மணமாகவோ சட்டை மட்டும் போட்டோ திரிகிறவன். ஒரே ஒரு நாள், படத்துக்காகவே அவன் பெண்ணாகிறான். நமக்கு அது வேடம்.

வகுப்பில் நான் ஆண்டுதோறும் நடத்தும் பிள்ளைத்தமிழும் இதைத்தான் சொல்கிறது. குழந்தையின் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலாருக்கும் பொது. எட்டாம் பருவத்தில் இலக்கணம் கோடு போடுகிறது. பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல்; ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில் பெண்கள் மணலில் கட்டிய சிறு வீட்டைச் சிதைக்காதே என்று அந்த ஆண் குழந்தையிடம் கெஞ்சுகிறார்கள். ஏழு பருவம் வரை நிலாவை அழைத்துக்கொண்டிருந்த குழந்தை ஆணாகிச் செய்கிற முதல் காரியம், பெண்ணின் வீட்டைக் காலால் கலைப்பது. பல ஆண்டுகள் இதை அழகு என்று மட்டுமே நடத்தியிருக்கிறேன்.

என் மகனுக்கு ஏழு வயது இருக்கும். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளின் பாவாடையைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். "போய்க் கழற்றுடா" என்று அதட்டியவள் நான். அவன் சுவரைக் காட்டி, "அங்க மட்டும் போட்டிருக்கேன்?" என்றான். பெண்ணியக் கவிதைகள் எழுதி, மேடைகளில் வாசித்துவந்த எனக்குப் பதில் இல்லை.

இன்று யோசித்தால் பதில் எளிது, கசப்பானது. படத்தில் அவன் கட்டவில்லை, நாங்கள் கட்டிவிட்டோம். தனக்கு என்ன நடக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது, மறுநாளே அது முடிந்துவிடும், பார்க்கிறவர்கள் சிரிக்கலாம். இந்த மூன்றும் இருந்தால்தான் ஆண் உடம்பில் பெண் உடைக்கு அனுமதி. அவனே விரும்பி எடுத்துக் கட்டியதும் அனுமதி ரத்தானது. ஏழு வயதில் அதட்டல். பதினாறு வயதில் ஒரு பிள்ளை, 'நான் பெண்தான்' என்று சொல்லி அதே உடையைக் கேட்டால், எத்தனையோ வீடுகளில் கதவே சாத்தப்படுகிறது. சாத்துகிற வீட்டின் ஆல்பத்திலும் அந்தப் பாவாடைப் படம் பத்திரமாக இருக்கும்.

கண்ணேறு படாமல் இருக்கத்தான் பெண் வேடம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. தங்காத பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிடும் அதே தர்க்கம்: மதிப்பில்லாததாகக் காட்டிவிட்டால் எமன் தொடமாட்டான். அப்படியென்றால் பாவாடை அங்கே என்ன சொல்கிறது? போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைத்த நாடு இது. பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க 1992இல் சேலத்தில் அரசே தொட்டில் வைக்க வேண்டியிருந்தது. உண்மையான பெண் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவந்த காலத்திலும், ஆண் குழந்தைக்குப் பெண் வேடமிட்டு ரசித்துக்கொண்டுதான் இருந்தோம்.

இதைச் சொல்லும்போது அந்தத் தாய்களின் ஆசையை நான் பழிக்கவில்லை. பெண் பிள்ளை வேண்டுமென்று ஏங்கியவர்கள் உண்டு. வருடம் முழுக்க அடுப்படியில் கிடக்கும் பெண்கள் கூடி உட்கார்ந்து, பூக்கட்டிச் சிரித்து, ஒரு பிள்ளையைத் தங்களைப்போல் ஆக்கிப் பார்க்கும் சந்தோஷம் பொய்யில்லை. அடுத்த நாள் அவன் தங்களை விட்டுப் போகத் தொடங்குகிறான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஆசை ஏன் மகனின் உடம்பில்தான் படமாக வேண்டியிருந்தது? பக்கத்திலேயே மகள் இருந்தாள்.

மகளுக்கும் ஓர் உடைச் சடங்கு வருகிறது. வயதுக்கு வந்ததும் மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர், தாவணி. அதற்குப் பந்தல் போடுவார்கள், படமும் எடுப்பார்கள். ஐரோப்பியப் பையனுக்குக் கால்சட்டையோடு ஒரு பையும் தெருவும் கிடைத்தன. இவளுக்குத் தாவணியோடு கிடைத்தது, தெருவில் நிற்காதே என்ற சொல். அவள் சட்டை, பேண்ட் போட்டால், "பையன் மாதிரி வளர்த்திருக்கேன்" என்று அப்பா பெருமைப்படுவார். "பொண்ணு மாதிரி வளர்த்திருக்கேன்" என்று எந்த அப்பாவும் மகனைக் காட்டிப் பெருமைப்பட்டு நான் கேட்டதில்லை. மேலே ஏறினால் பாராட்டு, கீழே இறங்கினால் கேலி. எது மேல், எது கீழ் என்பதில் நமக்குள் யாருக்கும் சந்தேகமே இல்லை.

என் வீட்டுப் படத்தை நான் கழற்றவில்லை. அதில் இருக்கிற குழந்தை அழகு, அதை எடுத்தபோது இருந்த அன்பும் உண்மை. மகனிடம் மட்டும், அன்று அதட்டியது தப்பு என்று சொன்னேன். அவனுக்கு இப்போது பதினேழு வயது. "எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பச்சைப் பாவாடைதானே?" என்று கேட்டான்.