தச்சனின் செங்கோணம்

சிறிய சென்சார் உள்ள கேமராவை வைத்துக்கொண்டு காசு வாங்கிப் படம் எடுக்கலாமா? புகைப்படத் தொழிலில் இருப்பவர்கள் ஓயாமல் வாதிடும் கேள்வி இது. ஃபுல் ஃப்ரேம் எனப்படும் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ., பரப்பு 864 சதுர மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3-க்கு 13, அதன் பரப்பு சுமார் 225 சதுர மி.மீ., அதாவது கால் பங்குக்குச் சற்று மேல். பேச்சு இந்த எண்களில் தொடங்கி எண்களிலேயே சுழல்கிறது. அடியில் கிடப்பது தத்துவக் கேள்வி: ஒரு கருவியின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது? அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் முதல் பகுதியில் தச்சனையும் வடிவியல் அறிஞனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். இருவருமே செங்கோணத்தைத் தேடுபவர்கள். தச்சன் தன் வேலைக்கு எவ்வளவு உதவுமோ அவ்வளவு தேடுகிறான். மற்றவன் அதன் இயல்பையே அறிய விரும்புகிறான். ஒவ்வொரு துறையிலும் அந்தத் துறை கேட்கும் துல்லியத்தைத்தான் நாட வேண்டும் என்பது அவர் வாதம். சென்சார் விவாதம் முடியாமல் நீள்வதற்குக் காரணம், தச்சன் கேட்ட கேள்விக்கு வடிவியல் அறிஞன் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதைச் சொல்பவர் இயற்பியலை மழுப்பக்கூடாது. ஒளி ஃபோட்டான்களாக வருகிறது. அவை ஒழுங்கில்லாமல் வந்து விழுவதால் எண்ணிக்கையில் எப்போதும் ஏற்ற இறக்கம் இருக்கும்; அதன் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலம். சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில் 10 கூடும், குறையும். 400 விழும் இடத்தில் 20. முதலாவது நூற்றுக்குப் பத்து, இரண்டாவது நூற்றுக்கு ஐந்து. இருட்டில் எடுத்த படத்தில் நாய்ஸ் என்று நாம் சொல்லும் பொரிப்புள்ளிகளில் பெரும்பகுதி இதிலிருந்து வருகிறது. லென்ஸ் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணும் ஷட்டர் வேகமும் ஒன்றே என்றால் ஃபுல் ஃப்ரேம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. தொழிலில் இதை இரண்டு ஸ்டாப் என்பார்கள். மென்பொருளால் புள்ளிகளைத் தேய்த்துவிடலாம், வராத ஒளியை வரவழைக்க முடியாது. பின்புலத்தைக் கரைத்து முகத்தை மட்டும் நிறுத்துவதிலும் இதே கணக்கு. ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் தரும் கரைவைச் சிறிய சென்சாரில் பெற 25 மி.மீ. எஃப் 0.6 லென்ஸ் வேண்டும். அப்படியொரு லென்ஸ் கடையில் கிடைப்பதில்லை.

ஆனால் அந்த நான்கு மடங்கு ஒளிக்கு ஒரு நிபந்தனை உண்டு, விவாதத்தில் அது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. லென்ஸை அகலத் திறந்து வைக்க முடிகிற படத்தில்தான் அது முழுதாகக் கைக்கு வரும். மூன்று வரிசையாக நிற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முன்வரிசைப் பாட்டியிலிருந்து பின்வரிசைப் பேரன் வரை எல்லா முகமும் துலங்க வேண்டும். சிறிய சென்சாரில் எஃப் 4-இல் கிடைக்கும் ஃபோகஸ் ஆழத்தை ஃபுல் ஃப்ரேமில் பெற எஃப் 8-க்குப் போக வேண்டும். குழந்தைகள் அசைவதால் ஷட்டரை மெதுவாக்க முடியாது. எனவே ஒளியுணர்வின் அளவான ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். இப்போது இரண்டு சென்சார்களுக்கும் வந்து சேர்ந்த மொத்த ஒளி ஏறக்குறைய ஒன்றேதான்; பெரிய சென்சாரின் மேன்மை அந்தப் படத்தில் காணாமல் போய்விட்டது. அசையும் பூச்சியை நெருக்கத்தில் எடுக்கும்போதும், மேடையில் முன்னும் பின்னுமாக ஆடும் நடனக் குழுவை எடுக்கும்போதும் இதுவே நடக்கிறது. ஆக, பெரிய சென்சார் எல்லா வேலையிலும் ஒரே அளவு மேலானது அல்ல. எந்த அளவு மேலானது என்பதைக் கையிலுள்ள வேலை தீர்மானிக்கிறது. கருவியை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

வரலாறும் இதையே காட்டுகிறது. இன்று முழுமையின் அளவாக வைக்கப்படும் 36-க்கு 24 ஒரு காலத்தில் பொடிச் சட்டகம். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஆஸ்கர் பார்னாக், சினிமா பிலிமின் இரண்டு சட்டகங்களைச் சேர்த்து அந்த அளவை அமைத்தார். 1925-இல் லைப்சிக் கண்காட்சிக்கு அவருடைய லைகா கேமரா வந்தபோது, பத்திரிகைக்காரர்கள் பயன்படுத்திய 9-க்கு 12 செ.மீ. கண்ணாடித் தகடு அதைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. தகட்டின் துல்லியம் லைகாவில் இல்லை; ஆனால் தகடு போக முடியாத இடத்துக்கு லைகா போனது. டிஜிட்டல் காலத்திலும் இதேதான். 1999-இல் நிக்கான் டி1 செய்தி அறைகளுக்குள் நுழைந்தபோது அதன் சென்சார் ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி, சுமார் 27 லட்சம் பிக்சல். நிக்கானின் முதல் ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் கேமராவான டி3 வந்தது 2007-இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் டிஜிட்டல் கேமராவால் பிழைத்தவர்கள் எல்லோரும் சிறிய சென்சார்க்காரர்கள்தான். இன்னும் தூரம் போனவர் மாக்னம் என்ற புகைப்படக்காரர்கள் அமைப்பின் அலெக்ஸ் மயோலி. 2000-களின் முற்பகுதியில் அவர் செய்திப் பணிக்கு ஒலிம்பஸ் சி-5050 போன்ற கையடக்கக் கேமராக்களை எடுத்துச் சென்றார். அவற்றின் சென்சார் ஃபுல் ஃப்ரேமில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

அன்றைய அளவுகோல் வேறு, இன்று எதிர்பார்ப்பு உயர்ந்துவிட்டது என்று மறுக்கலாம். எதிர்பார்ப்பு உயர்ந்தது உண்மை. மனிதக் கண் மாறவில்லை, பத்திரிகைப் பக்கமும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட சுமார் 87 லட்சம் பிக்சல் போதும். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் 2 கோடி இருக்கிறது. விளம்பரத் தட்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் அங்குலத்துக்கு அவ்வளவு புள்ளி அங்கே தேவைப்படாது. அசையும் படத்திலும் சான்று உண்டு: மும்பையில் எடுத்த ஸ்லம்டாக் மில்லியனரின் பெரும்பகுதியைப் படம்பிடித்த எஸ்ஐ-2கே கேமராவின் சென்சார் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிடவும் சிறியது. சந்துகளில் ஓடும் சிறுவர்களோடு ஓட அது வேண்டியிருந்தது. 2009-இல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு வேறு. வேலைக்கு உதவும் அளவோடு நிறுத்திக்கொள்வது சோம்பலுக்குக் கதவு திறப்பதல்லவா? சிறப்புக்கு எல்லை வைக்காதவன்தானே கலைஞன்? இதில் மதிக்க வேண்டிய வேட்கை இருக்கிறது. ஆனால் அது எல்லையில்லாமல் நீள வேண்டிய இடம் பார்வை: ஒளியைப் படிப்பது, எதிரில் நிற்பவரின் நம்பிக்கையைப் பெறுவது, கணத்துக்காகக் காத்திருப்பது. கருவிக்கு அந்த எல்லையின்மையைக் கொடுத்தால் ஃபுல் ஃப்ரேமிலும் நிற்க முடியாது, அதைவிடப் பெரிய மீடியம் ஃபார்மாட் இருக்கிறது, அதற்கும் மேலே பெரிய தகடு இருக்கிறது. எங்கோ நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நிறுத்தும் இடத்துக்கு ஒரு காரணம் வேண்டும். வேலையைத் தவிர வேறு எது அந்தக் காரணத்தைத் தரும்? தச்சனின் அளவுகோல் தளர்ந்தது என்று எண்ணுவதும் பிழை. கதவு சட்டத்தில் பொருந்தவில்லையென்றால் அவன் தோற்றான். அதைச் சொல்ல வீட்டுக்காரர் இருக்கிறார். முடிவில்லாத துல்லியத்தைத் துரத்துபவரை அப்படிக் கேள்வி கேட்க ஆளில்லை.

முன்னெச்சரிக்கை என்ற வாதமும் உண்டு: நாளை என்ன வேலை வரும் என்று தெரியாதபோது மிச்சம் வைத்திருப்பது நல்லதுதானே? நல்லது. ஆனால் மிச்சம் ஒரே பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் முதல் குறளிலேயே நான்கு வலிமைகளை எடைபோடச் சொல்கிறது. செயலின் வலிமை முதலில், தன் வலிமை அதற்கு அடுத்து, துணையின் வலிமையும் கணக்கில் உண்டு. ஃபுல் ஃப்ரேமுக்கான 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் சுமார் 3 கிலோ. அதே காட்சிக்கோணத்தைத் தரும் 300 மி.மீ. எஃப் 4 மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஏறத்தாழ அதில் பாதி. முன்னது அதிக ஒளியை வாங்கும் என்பதில் ஐயமில்லை. பத்து மணி நேரம் காட்டில் நடந்த பிறகும் தூக்கிப் பிடிக்கத் தோளில் தெம்பு இருப்பதும், மிஞ்சிய பணத்தில் இரண்டாவது கேமராவும் இரண்டு ஃப்ளாஷ் விளக்கும் பையில் இருப்பதும் மிச்சம்தான்.

இந்த அளவுகோல் சிறிய சென்சாருக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்லும். ஃப்ளாஷ் அடிக்கக் கூடாத சடங்கு, விளக்கு மங்கிய உள்ளரங்கில் நடக்கும் ஆட்டம், முழுக்க முழுக்கக் கரைந்த பின்புலம் கேட்டுப் பணம் கொடுத்தவர்: இங்கெல்லாம் அந்த இரண்டு ஸ்டாப் வேலையையே தீர்மானிக்கலாம். தன் கேமரா இதற்குப் பற்றாது என்று தெரிந்த பின்னும் முன்பணம் வாங்குபவர் தவறு செய்கிறார். பெரிய கேமரா இருந்தால்தான் தொழில்காரர் என்று நம்பும் வாடிக்கையாளரிடம் வாதாட வேண்டியதில்லை. அவருக்குக் கொடுக்கப்போகும் அளவிலேயே, அவர் இடத்தின் வெளிச்சத்துக்கு நிகரான வெளிச்சத்தில் எடுத்த அச்சுப் பிரதிகளை முன்னால் வைத்து, முகங்களைப் பார்க்கச் சொல்லலாம். முகங்கள் தெளிவாக இல்லை என்று அவர் சொன்னால் பெரிய சென்சாரை வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது வேலையை அது வைத்திருப்பவரிடம் அனுப்ப வேண்டும்.