மூன்று விரல் உப்பு!

"என்னிடம் பணமா கொட்டிக் கிடக்கிறது? நான் எங்கே ஏழைகளுக்கு உதவுவது?"

போதும், நிறுத்து! இந்தப் பல்லவியை இன்னும் எத்தனை நாள் பாடுவாய்?

1971. வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாம். காலரா! தரையெங்கும் நோயாளிகள். வாந்தியிலும் பேதியிலும் மண்டியிட்டுத்தான் சலைன் ஏற்ற வேண்டும். அந்த சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது.

நீயாக இருந்தால்? கையை விரித்திருப்பாய்!

டாக்டர் திலீப் மஹலனாபிஸ் விரிக்கவில்லை. உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா. தண்ணீரில் கரைத்து டிரம்மில் நிரப்பினார். நோயாளியின் தாயிடமே டம்ளரைக் கொடுத்தார்.

நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நாலுக்கும் கீழே இறங்கியது!

எதனால்? உயிரைக் காக்கும் வேலையை அந்தத் தாயின் கையிலேயே ஒப்படைத்தார். அதனால்!

போகிக்குக் கழித்த கிழிசல் சட்டையை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு போட்டோ பிடிக்கிறாயே, அதற்குப் பெயர் உதவியா? வீட்டை ஒழிப்பது!

தோற்றுவிடுவோம் என்று பயமா? பிராக்கும் தோற்றது, கேள்!

ஷெல் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய அமைப்பு. 1980இல் பேதிக்கு அதுபோன்ற கரைசலைக் கற்றுக்கொடுக்க வங்கதேசத்தில் வீடு வீடாக இறங்கியது. மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய்மார்கள் அச்சுப் பிசகாமல் கற்றார்கள்.

ஆனால் பிள்ளைக்குப் பேதியானபோது கலக்கிக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே!

மக்களைத் திட்டினார்களா? இல்லை. தங்களையே தோண்டிப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்த ஊழியர்களே தங்கள் வயிறு கலங்கினால் மாத்திரையைத் தேடினார்கள்! தான் குடிக்காததை ஊர் குடிக்குமா?

திருத்தினார்கள். ஊழியர்கள் தாய்மார் கண்முன்னே குடித்துக் காட்டினார்கள். விட்டுப்போன ஆண்களிடம் சந்தையிலும் பள்ளிவாசலிலும் பேசினார்கள். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதற்கேற்பத்தான் ஊழியருக்குச் சம்பளம்! நம்மூரில் இப்படி ஒரு விதி வந்தால் எத்தனை பேர் தேறுவோம்?

பத்து ஆண்டுகள். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல்!

உனக்கு மட்டும் ஒரே தோல்வியில் கால் வலிக்கிறதா?

எழுந்திரு! போன வருடம் நீ உதவிய வீடு எது? வழியாவது நினைவிருக்கிறதா?

போய்க் கதவைத் தட்டு. நீ கொடுத்தது அடுப்படியில் இருக்கிறதா, பரணில் கிடக்கிறதா என்று பார்!