பேசும் பட்டன் ஒன்று, கேட்கும் பட்டன்கள் பல

திருச்சிற்றம்பலம்.



தைப்பூசம் நெருங்கிவிட்டது. பத்துமலைக்கோ, பினாங்குத் தண்ணீர்மலைக்கோ, ஈப்போ கல்லுமலைக்கோ தொண்டு செய்யப் போகிற உங்களில் பலர் கையில் இந்த ஆண்டும் ஒரு வாக்கி டாக்கி இருக்கும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தால் ஒரு கம்பீரம் வரத்தான் செய்கிறது. இந்த மாதம் அந்தக் கருவியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "சாமியைப் பத்திப் பேசச் சொன்னா இவர் ரேடியோவைப் பத்திப் பேசுறாரே" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். சாமி வருவார்.

நம் தொண்டர் படையில் இருப்பவை பழைய ரேடியோக்கள். கையில் பிடிப்பவை மோட்டோரோலா ஜிபி328, ஜிபி338. வேனில் பொருத்தியிருப்பது ஜிஎம்338. ரேடியோ பிரியர்கள் இந்தக் குடும்பத்தை 'வாரிஸ்' என்பார்கள். மலாயில் வாரிஸ் என்றால் நம் வாரிசுதான். இரண்டு மொழிக்கும் அந்தச் சொல் அரபியிலிருந்து வந்தது. பொருத்தமான பெயர். நம்மிடம் உள்ளவை எல்லாமே யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை. ஒன்றில் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் ஸ்கேன் ஓடும். இன்னொன்றில் அதே இடத்துப் பட்டனை அழுத்தினால் பவர் குறையும். இரண்டும் ஒரே மாடல்தான். முன்பு வைத்திருந்தவர் கணினியில் கேபிள் மாட்டி எந்த வேலையைக் கொடுத்தாரோ, அந்த வேலையை அது செய்துகொண்டே இருக்கும். லேசாக அழுத்தினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் வேறு வேலை என்றுகூட வைக்கலாம். பட்டனைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. வேன் ரேடியோவில் பி1, பி2 என்று மட்டும் போட்டிருக்கும்.

யாராலும் மாற்ற முடியாத பட்டன் ஒன்றே ஒன்றுதான். அழுத்திப் பேசுகிற பெரிய பட்டன். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். ரேடியோவைக் கையில் வாங்கியவுடன் "ரோஜர், ரோஜர், டெஸ்டிங்". பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் டெஸ்டிங். மற்ற பட்டன்களில் பெரும்பாலானவை பேசுவதற்காக வைத்தவை இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. கேட்பதற்காகவும், கவனிப்பதற்காகவும் வைத்தவை.

மானிட்டர் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ரேடியோக்கள் பேச்சோடு சேர்த்து மிகத் தாழ்ந்த ஒரு தொனியையும் அனுப்புகின்றன. 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் ரேடியோ அதை வடிகட்டிவிடுவதால் நம் காதுக்கு வராது. ஆனால் அந்தத் தொனி இருந்தால்தான் ஸ்பீக்கர் திறக்கும். நம் குழுவின் தொனி இல்லாத பேச்சு, அதே அலைவரிசையில் வந்தாலும், நமக்குக் கேட்காது. அதனால் ரேடியோ அமைதியாக இருந்தால் யாரும் பேசவில்லை என்று அர்த்தமில்லை. மானிட்டரை அழுத்தினால் அந்தக் கதவு திறக்கும். தூரத்தில் மெலிசாகப் பேசுகிறவர் குரலும் இரைச்சலுக்கு நடுவே வரும். பேசுவதற்கு முன் அதை அழுத்திக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும் என்பதுதான் முறை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இந்த வகை ரேடியோவில் பலமான அலை மெலிந்த அலையை அமுக்கிவிடும். பத்துமலையின் 272 படிகளில் நடுவே நிற்கும் ஒரு தங்கை, பேட்டரி தீரப்போகிற ரேடியோவில், "மஞ்சள் சட்டை, அஞ்சு வயசுப் பையன், அம்மாவைக் காணோம்னு அழறான்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கீழே வேன் ரேடியோவில் இருக்கிற அண்ணன் அதே நொடியில் "பகல் சாப்பாடு வந்துருச்சா?" என்று கேட்பார். சாப்பாடு கேட்டது எல்லாருக்கும் கேட்கும். பிள்ளையைப் பற்றிச் சொன்னது யாருக்கும் கேட்காது.

பிரகலாதனிடம் அவன் அப்பா, "என்ன படிச்சே?" என்று கேட்டபோது அவன் ஒன்பது வகைப் பக்தியைச் சொன்னதாகப் பாகவதம் சொல்கிறது. முதலாவது ச்ரவணம், கேட்டல். கீர்த்தனம், பாடுதல், அதற்குப் பிறகுதான். வள்ளுவரும் 'கேள்வி'யை 42-ஆம் அதிகாரத்தில் வைத்தார். 'சொல்வன்மை' வருவது 65-இல். நம் இளைஞர் நிகழ்ச்சிகளில் மேடைப் பேச்சுப் போட்டி ஆண்டுதோறும் உண்டு. கேட்பதற்குப் போட்டி நடந்து நான் பார்த்ததில்லை.

சரி, என்னை அதிகம் யோசிக்க வைத்த பட்டனுக்கு வருகிறேன். அதன் பெயர் நியூசன்ஸ் டிலீட். தொல்லை நீக்கி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். ஸ்கேன் என்பது பல சேனல்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, எதில் சத்தம் வருகிறதோ அதில் நிற்பது. அவற்றில் ஒன்று சும்மா கரகரவென்று கத்திக்கொண்டே இருந்தால் ஸ்கேன் அங்கேயே போய்ப் போய் மாட்டிக்கொள்ளும். அப்போது இந்தப் பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன ஒலி வரும். அந்தச் சேனல் சுற்றிலிருந்து வெளியே போய்விடும். எவ்வளவு நிம்மதி!

புலனக் குழுவில் நாம் செய்வது இதுதான். ஒருவன் எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏழு செய்தி அனுப்புகிறான். மியூட். அதற்கு மேலும் போனால் நீக்கம். தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சில நேரம் வேலை நடக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய ரேடியோவைச் செய்தவர்கள் இரண்டு ஏற்பாடு வைத்திருந்தார்கள். நீக்கம் தற்காலிகமானது. ஸ்கேனை நிறுத்தி மறுபடி ஓட்டினால், அல்லது ரேடியோவை அணைத்துப் போட்டால், நீக்கிய சேனல் தானாகவே சுற்றுக்குள் திரும்பி வந்துவிடும். இரண்டாவது, முக்கியம் என்று குறித்து வைத்த சேனலை இந்தப் பட்டனால் நீக்கவே முடியாது. எவ்வளவு கரகரத்தாலும் முடியாது. நம் கைத்தொலைபேசியில் அந்த ஏற்பாடு இல்லை. நம் மனதில் இருக்கிறதா என்று அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திலகவதியார் மனதில் இருந்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிற கதை, உங்களுக்குத் தெரிந்ததுதான். திருவாமூரில் அக்காளும் தம்பியும். பெற்றோர் இறந்துபோனார்கள். அக்காளுக்குப் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். தானும் போய்விடலாம் என்று நினைத்தவர், தம்பிக்காக உயிரோடு இருந்தார். அந்தத் தம்பி மருள்நீக்கியார் வளர்ந்ததும் வேறு சமயத்துக்குப் போய், அங்கே தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாகிவிட்டார். நம் வீட்டில் இப்படி நடந்தால் என்ன செய்வோம்? "அவன் பேச்சை எடுக்காதே" என்போம். குடும்பப் படத்திலிருந்து முகத்தை வெட்டி எடுத்தவர்களைக்கூட நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

திலகவதியார் திருவதிகையில் தங்கினார். கோயில் கூட்டினார், மெழுகினார், பூமாலை கட்டினார், தம்பிக்காக வீரட்டானேசுவரரிடம் வேண்டிக்கொண்டே இருந்தார். தம்பிக்குச் சூலை நோய் வந்தது. எந்த மருந்தும் மந்திரமும் கேட்கவில்லை. அப்போது அவர் தன் சமையற்காரரை அக்காளிடம் அனுப்பினார். கவனியுங்கள், பெரிய பட்டம், பெரிய கூட்டம், எல்லாம் இருக்கிற மனிதருக்கு வலி தாங்காத நேரத்தில் ஞாபகம் வந்தது அக்கா ஒருவர்தான். அந்த வழி திறந்தே இருக்கிறது என்று எங்கோ ஆழத்தில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா, "நான் அங்கே வரமாட்டேன்" என்றுதான் சொல்லி அனுப்பினார். தன் கொள்கையை விடவில்லை, கதவையும் மூடவில்லை. தம்பி இரவோடு இரவாக நடந்து வந்து காலில் விழுந்தார். "இத்தனை நாள் எங்கே போனே?" என்ற விசாரணை நடக்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்து, அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அந்தத் தம்பிதான் நம் அப்பர் பெருமான்.

இன்னொரு பட்டன், லோன் வொர்க்கர். தனியாக வேலை செய்கிற காவலாளி, இரவுப் பணிக்காரர் ஆகியோருக்காக வைத்தது. அதை இயக்கிவிட்டால் ரேடியோ ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். குறித்த நேரத்துக்குள் அவர் எந்தப் பட்டனையும் தொடவில்லை என்றால் ஓர் எச்சரிக்கை ஒலி. அதற்கும் அவர் கை அசையவில்லை என்றால், ரேடியோ தானே அவசர அழைப்பை அனுப்பிவிடும். விழுந்து கிடக்கிறவரால் உதவி கேட்க முடியாது. அவருடைய மௌனத்தையே கூக்குரலாக எடுத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். தண்ணீர்ப் பந்தலில் நாலு பேர் வேலையை ஒருவனாகச் செய்வான். ஒரு கூட்டத்தில் வாய்ச்சண்டை ஆகி, குழுவின் நிர்வாகி அவனைப் புலனத்திலிருந்து நீக்கினார். பிறகு ஜொகூரில் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். நம்மில் யாரும் தேடவில்லை என்று சொல்லமாட்டேன், ஒருத்தி தேடினாள். வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடிந்ததும் ஒரே செய்தி: "சாப்டியா?" ஐந்து மாதம் பதிலே இல்லை. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை, அறிவுரை அனுப்பவும் இல்லை. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பதில் வந்தது. "அக்கா, முடியல." அவ்வளவுதான். அவள் உடனே கூப்பிட்டாள். விடியும் வரை போனை வைக்கவில்லை. இங்கிருந்து மூன்று பேர் கார் எடுத்துக்கொண்டு போய்ச் சேரும் வரை பேசிக்கொண்டே இருந்தாள். அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும், கடன் ஏறியதும், இரண்டு வாரமாக அவன் தூங்காததும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் இப்போது அப்பாவோடு இருக்கிறான். மருத்துவரிடமும் போய் வருகிறான்.

ரேடியோவின் அவசரப் பட்டனில் ஒரு வகை உண்டு. அழுத்தினால் திரையில் ஒன்றும் தெரியாது, ஒலியும் வராது. பக்கத்தில் நிற்கிற ஆளுக்குக்கூட எதுவும் தெரியாமல் செய்தி மட்டும் போய்க்கொண்டிருக்கும். மறுமுனையிலிருந்து ஒப்புதல் வரும் வரை, அமைத்து வைத்த எண்ணிக்கைப்படி, திரும்பத் திரும்ப அனுப்பும். சிரித்துக்கொண்டே நம் பக்கத்தில் காவடிக்குத் தண்ணீர் கொடுக்கிறவன் அந்தப் பட்டனை அழுத்தியிருக்கலாம். யாராவது உங்களிடம் "முடியல" என்று சொன்னால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல லா, கும்பிடு, சரியாயிரும்" என்று முடித்துவிடாதீர்கள். கும்பிடச் சொல்லுங்கள், கூடவே உட்காருங்கள். உங்களால் தாங்க முடியாத விஷயமாக இருந்தால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். திலகவதியார் திருநீறு கொடுத்ததோடு நிற்கவில்லை, கோயில் வரைக்கும் கூட நடந்தார்.

இப்போது வேலைக்கு வருவோம். தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை ரேடியோ வாங்க வரும்போது, எல்லாவற்றிலும் பட்டன்கள் ஒரே மாதிரி அமைக்கப்பட்டிருக்கும். மேல் பக்கவாட்டுப் பட்டன் மானிட்டர். அழுத்திக் கேட்காமல் பேசுகிறவர்களிடமிருந்து ரேடியோவைத் திரும்ப வாங்கிக்கொள்வேன், நிஜமாகத்தான். கார் நிறுத்துமிடத்தில் இரவுப் பணி பார்க்கிறவர்களுக்கு லோன் வொர்க்கர் இயக்கப்பட்டிருக்கும். ஒலி வந்தால் பயப்பட வேண்டாம், ஏதாவது ஒரு பட்டனைத் தொட்டால் போதும். நியூசன்ஸ் டிலீட் எதிலும் இருக்காது.

வரும்போது ஒரு துண்டுத் தாளில், போன பூசத்துக்கு நம்மோடு நின்று இந்தப் பூசத்துக்கு வராத ஒருவர் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். தாளை என்னிடம் கொடுக்க வேண்டாம். முதலில் அவருக்குப் போன் செய்துவிட்டு வந்து ரேடியோ வாங்கிக்கொள்ளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.