களத்தில் குவிந்ததும் வீட்டில் தங்கியதும்

நெல் மிகுதியாக விளைவது நன்மையே என்பதை எவரும் மறுக்கார். ஆயினும், மிகுந்த நெல் யாருடைய வீட்டில் தங்கியது என்று கேட்பதும் நம் கடமையாகும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் உருவான ஐ.ஆர்.8 நெல் 1966-இல் வெளிவந்து, தஞ்சை வயல்களையும் வந்தடைந்தது. பழைய நெட்டைப் பயிர் உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். இக்குட்டைப் பயிரோ சாயாது நின்று அவ்வுரத்தை மணியாக்கியது. பஞ்சம் கண்ட நாடு இதனை நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

ஆனால் அவ்விதைக்கு உரமும் பூச்சிமருந்தும் காலந்தவறாத நீரும் தேவைப்பட்டன. இவற்றுக்குப் பணம் முன்னதாகவே வேண்டும். நெல்லோ அறுவடையில்தான் வரும். கையில் பொருளுள்ளவர் விலை ஏறும்வரை நெல்லை இருப்பு வைக்க முடிந்தது. கடன்பட்டுப் பயிரிட்ட சிறு உழவரோ, அக்கடனுக்காகக் களத்திலேயே விற்க நேர்ந்தது. விதை ஒன்றாயினும் பயன் ஒன்றாக இல்லை.

விளைச்சலுக்குரிய ஜகாத்தை நோக்குங்கள். மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. நீர் இறைத்துப் பாடுபட்டு விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. குவியல் சமமாயினும் உழவர் பட்ட பாடு கணக்கில் கொள்ளப்படுகிறது. உரச்செலவுக்கும் இதே சட்டம் என்று யான் கூற வரவில்லை. அதிலுள்ள நீதிப் பார்வையையே சுட்டுகிறேன்.

அவ்வாறாயின் பழைய விதைக்கே திரும்பலாமா? பசியை மறந்தவரே அப்படிச் சொல்வர். புதிய விதைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஐ.ஆர்.8 போன்ற நெல்லில் ஒரு பங்கை எடுத்துவைத்தால் மறுபருவத்துக்கு விதையாகும். அண்டை வீட்டார்க்கும் கொடுக்கலாம். வீரிய ஒட்டு விதையோ மறுதலைமுறையில் குணம் மாறுவதால், பருவந்தோறும் கடையில் வாங்கவேண்டியதாகிறது. விளைந்த விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவர்க்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஏற்றுள்ளது. ஒட்டு விதையை நம்பிய வீட்டில் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே, புதிய விதையைப் பரிந்துரைப்போர் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு நில்லாமல், கடன் தீர்ந்தபின் வீட்டில் என்ன மிஞ்சும், அடுத்த விதை எங்கிருந்து வரும் என்பவற்றையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நம்மிடையே வசதியுள்ளோர்க்கும் ஒரு கடமை உண்டு. விதைக்கும் காலத்தில் வட்டியில்லாக் கடன் தந்து, நெல் விலை சீரடையும்வரை பொறுத்திருந்தால், ஓர் ஏழை உழவர் தம் விளைச்சலைத் தம் வீட்டுக்கே கொண்டுசெல்ல இயலும்.