கேட்பவர்கள் கட்டிய வீடு

மறைமலைநகர்

மார்கழிப் பிற்பகல். காமராஜர் பெயரைத் தாங்கிய எங்கள் ரயில் நிலையத்தில் கடற்கரை வண்டிக்காக உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஷிப்ட் முடித்தவர்கள் பக்கத்துப் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருக்கிறார்கள். எனக்கும் இன்று முதல் ஷிப்ட்தான். காலை ஆறு மணியிலிருந்து பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற காது இது. கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகும் அந்த அடி உள்ளே விழுந்துகொண்டே இருக்கும். அது அடங்க வேண்டும் என்றால் வேறொரு ஒலி வேண்டும். வெறும் அமைதி போதாது.

எங்கள் ஊர் 1980-களில் திட்டம் போட்டு எழுப்பிய துணைநகரம். எங்கள் தெருவில் விருத்தாசலத்துக்காரர் இருக்கிறார், ஆரணிக்காரர் இருக்கிறார், தென்காசியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். 'உங்களுக்கு எந்த ஊரு?' என்றுதான் இங்கே எந்தப் பேச்சும் தொடங்கும். பழைய ஊர் என்றால் கோயிலுக்கு ஒரு மேளக்காரக் குடும்பம் இருக்கும், ஒரு பஜனை மடம் இருக்கும். திட்டம் போட்டுக் கட்டிய ஊருக்குச் சாலை வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது, தொழிற்பேட்டை வந்தது. பாட்டை மட்டும் ரயில் ஏறிப் போய்க் கேட்டு வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பல்லாவரம்

தாம்பரத்தைத் தாண்டிய வண்டி பல்லாவரத்தில் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பேன். எங்கள் ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் வாழ்ந்த இடம் இது. 1876-ல் நாகப்பட்டினத்தில் வேதாசலமாகப் பிறந்து, தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். 1950-ல் அவர் மறைந்த பிறகு, அவர் சேர்த்து வைத்த நூல்கள் 1958-ல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் பொதுமக்களுக்கான நூலகமாயின.

அவர் பெயர் கொண்ட ஊரில் ஏறி, அவர் வாழ்ந்த ஊர் வழியாக, அவருடைய புத்தகங்கள் போய்ச் சேர்ந்த பகுதிக்கு இந்த வண்டி என்னைக் கொண்டுபோய் விடுகிறது. வேறு மொழியின் கைத்தாங்கல் இல்லாமல் தமிழை எழுத முடியும் என்று நம்பியவர் அவர். முதல் உருப்படியிலிருந்து மங்களம் வரை தமிழிலேயே ஒரு கச்சேரியைப் பாட முடியும் என்று நம்பியவர்கள் எழுப்பியது நான் போகும் மன்றம். இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

கோட்டை

கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்தால் உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் தெரியும். கறுப்பு அங்கியைக் கையில் மடித்துப் போட்டபடி வழக்கறிஞர்கள் எதிரே வருவார்கள். பிராட்வே பக்கத்துப் பேருந்து இரைச்சல், பூக்கடைப் பக்கமிருந்து வரும் கூட்டம், இத்தனைக்கும் நடுவில் ராஜா அண்ணாமலை மன்றம் நிற்கிறது.

அந்தக் காலக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில்தான் இடம். பெரிய உருப்படிகள் எல்லாம் முடிந்து, ஜனம் செருப்பைத் தேடும் நேரத்தில் துக்கடாவாக இரண்டு பாட்டு. ஒரு முழுக் கச்சேரிக்குப் போதுமான சாகித்தியம் தமிழில் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார்கள். அதற்குப் பதிலாக 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. முன்னின்ற ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1948-ல் காலமானார். அவர் பெயரில் இந்த மன்றம் 1952-ல் எழுந்தது.

வாதம் செய்தவர்கள் பலர். கூரை போட்டவர்களால்தான் அந்த வாதம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. தேவாரப் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை 1949-லிருந்து சங்கம் நடத்தி வருகிறது. கௌசிகம் என்ற பண்ணை ஓதுவார்கள் பைரவியில் பாடுகிறார்கள், மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியில் பாடுகிறார்கள். கோயில் பிராகாரத்தில் நாள்தோறும் ஓதி ஓதிக் காப்பாற்றிய குரல்களை ஒரு மேடைக்கு அழைத்து, உட்கார வைத்துக் கேட்டார்கள். கேட்பதும் ஒரு காப்பாற்றல்தான் என்று இந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் தோன்றுகிறது.

படிக்கட்டு

கச்சேரி தொடங்க இன்னும் அரை மணி இருக்கிறது. படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கச்சேரி ஒரு காலத்தில் அரண்மனையிலும் கோயிலிலும் பெரிய வீட்டுக் கல்யாணங்களிலும் நடந்தது. அழைப்பவர் ஒருவர், மற்றவர்கள் விருந்தினர். சபா வந்த பிறகு அது மாறியது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-ல் தொடங்கியது. குமாஸ்தாவும் வாத்தியாரும் வழக்கறிஞரும் சந்தா கட்டிச் சேர்ந்து பாடகரை அழைத்தார்கள். அன்றைக்குத்தான் கேட்பவர் வீட்டுக்காரர் ஆனார்.

ஊர் விட்டு ஊர் போனவர்களுக்கு இந்தத் தேவை இன்னும் அதிகம். பம்பாய் மாட்டுங்கா பக்கம் குடியேறிய தென்னிந்தியர்கள் 1952-ல் சண்முகானந்தா சபாவைத் தொடங்கி, 1963-ல் பிரம்மாண்டமான ஓர் அரங்கைத் திறந்தார்கள். 1990-ல் அது தீப்பிடித்தது. எட்டு வருடம் கழித்து, 1998-ல், மீண்டும் கதவைத் திறந்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978-ல் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சிலர் கூடித் தியாகராஜ ஆராதனை நடத்தினார்கள். இன்று அது வருடா வருடம் பெரும் விழாவாக நடக்கிறது.

என் அக்கா மகன் நியூயார்க்கில் வேலை பார்க்கிறான். புரூக்ளினின் கிரீன்பாயிண்ட் பகுதியில் போலந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் சமூகத்துக்கென்று கட்டிக்கொண்ட ஒரு தேசிய இல்லம் இருக்கிறதாம். அதன் கூடத்துக்கு 'வார்சா' என்று தங்கள் தலைநகரின் பெயர். இப்போது அங்கே வெவ்வேறு நாட்டு இளைஞர்கள் கிட்டாரோடு வந்து பாடுகிறார்கள். போன மார்கழியில் அங்கே போய்விட்டுப் போனில் பேசினான். "மாமா, உங்க சபா மாதிரியே இங்கயும் சாப்பாட்டுக் கவுன்ட்டர் இருக்கு. பியரோகின்னு ஒண்ணு குடுக்கறாங்க. நம்ம கொழுக்கட்டைதான், உள்ள பூரணம் மட்டும் வேற." பாட்டு யாருடையதாக மாறினாலும் அடுப்பு அந்த வீட்டுக்காரர்களுடையதாகவே இருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தங்களுக்கென்று போட்ட கூரைக்குக் கீழே மற்றவர்களுக்கும் இடம் கொடுத்தவர்கள் அந்தக் கூரையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

ரவை

இரண்டாவது வரிசையில் இன்று இடம் கிடைத்தது. கச்சேரி இன்னும் தொடங்கவில்லை. ஓரமாக மிருதங்கக்காரர் மட்டும் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் ரவை. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைகிறார். கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருண்டையாக்கி, இடது பக்கத் தொப்பியின் நடுவில் வைத்து அழுத்தி, விரல்களால் வட்டமாகத் தேய்த்துப் பரப்புகிறார். அடித்துப் பார்க்கிறார். தட்டையாக ஒலிக்கிறது. இன்னும் ஒரு துளித் தண்ணீர், இன்னும் ஒரு சிட்டிகை ரவை. மறுபடி அடிக்கிறார். இப்போது அந்த ஒலிக்கு வயிறு வந்துவிட்டது.

பிறகு வலந்தலை. காதைக் குனிந்து வைத்துக்கொண்டு, விளிம்பில் சின்னக் கல்லால் ஒரு தட்டு. சுற்றி வருகிறார். ஓரிடத்தில் சுருதி அரை இழை ஏறி நிற்கிறது. கீழிருந்து மேலாக ஒரு தட்டுத் தட்டி அதை இறக்குகிறார். பின்னால் ஒரு மாணவி தம்புராவின் நான்கு தந்திகளையும் வரிசையாக மீட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் எதையும் பார்க்கவில்லை. அவர் சுற்றி முடிக்கும் நேரத்தில் தோலும் தந்தியும் ஒன்றாகிவிட்டன. எங்கே ஒன்றாயின என்று கவனித்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

என் காதில் இருந்த பிரஸ் மெஷினின் அடி நின்றிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன்.

தட்டு, விரல், வீச்சு

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வருடம் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா தொடையில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். நான் வீச்சில் தடுமாறியபோது அவர் முகத்தைத் திருப்பாமலே தன் கையைக் கொஞ்சம் பெரிதாக வீசிக் காட்டினார். "அவசரப்படாதீங்க தம்பி, அது எங்கயும் போயிடாது, திரும்பி வரும்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு பல முறை அவரைப் பார்த்தேன். சில வருடமாகப் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் கையில் அவருடைய தாளம் இருக்கிறது.

இன்று பாடகி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாடி நிரவல் செய்தார். சொல் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் அது வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. தாளம் சுற்றி வந்து அந்தச் சொல்லின் எடுப்பில் விழும்போது அரங்கு முழுக்க உள்ளங்கைகள் ஒன்றாக விழுந்தன. மெல்லிய சத்தம்தான். மழையின் முதல் தூறல் ஓலையில் விழுவது போல. முன்பின் அறியாத இத்தனை பேர் ஒரு கணத்தைச் சேர்ந்து எதிர்பார்த்து, சேர்ந்தே அடைந்தோம். பாடகியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தக் கைகள் இல்லை என்றால் அடுத்த சங்கதி அவருக்குப் பிறந்திருக்காது என்றே நம்புகிறேன். இதே பாட்டு என் போனில் இருக்கிறது. அதில் சுருதி இருக்கிறது, சாகித்தியம் இருக்கிறது. அந்தக் கைகளை நான் அதில் கேட்டதில்லை.

அம்மா

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மாவை ஒரு முறை இங்கே அழைத்து வந்தேன். "கச்சேரியெல்லாம் நமக்கு என்னாடா புரியும்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவள்.

மெயின் உருப்படி முடிந்து, பாடகர் அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் சீர்காழியில் வாழ்ந்தவர் எழுதியது. இரண்டாவது அடியிலேயே அம்மா என் முழங்கையைத் தொட்டாள்.

"அனுமார்தானே சொல்றாரு? சீதம்மாவப் பாத்துட்டு வந்து சொல்ற எடம்."

"ஆமாம்மா."

அதன் பிறகு அவள் பேசவில்லை. நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விருந்தாளியாக வந்தவள் அந்த நிமிடத்திலிருந்து வீட்டுக்காரியாக உட்கார்ந்திருந்தாள். 1943-ல் சங்கம் தொடங்கியவர்கள் எதற்காக அவ்வளவு பாடுபட்டார்கள் என்று அன்றைக்கு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மங்களம்

மங்களம் பாடி முடிந்தது. ஜனம் எழுந்துவிட்டது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மிருதங்கக்காரர் தொப்பியிலிருந்து அந்த ரவையைச் சுரண்டி எடுத்தார். இரண்டரை மணி நேரம் அடி வாங்கிக் காய்ந்து, ஓரங்களில் வெடித்திருந்தது. ஈரத்துணியால் தோலைத் துடைத்து, வாத்தியத்துக்கு உறையைப் போட்டார். நாளைக்கு வேறு மேடை, வேறு சுருதி, புதிதாகப் பிசைந்த ரவை. இன்றைய ஒலி இன்றைக்கு மட்டும் ஒட்டி வைத்தது. அது தெரிந்துதான் அவ்வளவு பொறுமையாகப் பிசைந்தார். அது தெரிந்துதான் நானும் இவ்வளவு தூரம் வருகிறேன்.

கடைசிப் பக்கம்

இதை ஞாயிற்றுக்கிழமை காலை, மறைமலைநகரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் தெரு முனைப் பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு இரண்டு மாதமாக ஓர் ஓதுவார் ஐயா வந்து பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறார். தகரக் கூரை, சிமென்ட் தரை, ஏழெட்டுப் பிள்ளைகள். சுவர் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்கும் பெரியவர்கள் நாலைந்து பேர். நானும் ஒருவன்.

இன்று அவர் திருவிடைச்சுரப் பதிகத்தைத் தொடங்கினார். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், இப்போது திருவடிசூலம் என்று சொல்கிறோமே, அந்த ஊரில் ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியது. எங்கள் ஊருக்குப் பாட்டு இல்லை, ரயில் ஏறித்தான் போகவேண்டும் என்று இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. ஊர் புதிது, மண் பழையது என்பது தெரியாமல் எழுதியது அது. கேட்க ஆள் இல்லாமல் பாட்டு இத்தனை நாள் பக்கத்திலேயே காத்திருந்திருக்கிறது.

ஐயா பாடி நிறுத்துகிறார். பிள்ளைகள் திரும்பச் சொல்கிறார்கள். முன் வரிசைப் பையன் ஒருவன் தொடையில் தட்டுகிறான், சரியாக. பக்கத்தில் இருக்கும் சின்னப் பெண் அவன் கையைப் பார்த்துக்கொண்டே தன் விரலைத் திருத்திக்கொள்கிறாள்.